கூட்டிட்டுப் போறதுக்கு ஜீப் வருது, திருப்பி விடறதுக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது: குழந்தை நல சேவை ரிவ்யூ

ரேட்டிங் மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு ரெண்டரை. ஒன்றரை தான் போடணும்னு இருந்தேன், ஹோம்ல இருக்கிற வார்டன் அக்கா ஒருத்தருக்காக ஒரு ஸ்டார் எச்சா போட்டிருக்கேன், ஏன்னு கீழ படிச்சா தெரியும்.

எதுக்கு ரிவ்யூன்னா, கவர்மெண்ட் குழந்தை நல சேவைக்குங்க. 1098ங்கற குழந்தைகள் உதவி போன், குழந்தைய எங்க வெக்கறதுன்னு முடிவு பண்ற குழந்தைகள் நலக்குழு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகளத் தங்க வெக்கிற ஹோம், அப்புறம் மாசம் 4000 ரூபாய் குடுக்கிற ஸ்பான்சர்ஷிப். ஒவ்வொண்ணுக்கும் தனி ஆபீஸ், தனி சீல், ஆனா மலைல இருந்து எறங்கி வர்ற ஒரு வயசான அம்மாவுக்கு இது மொத்தமும் "ஆபீஸ்காரங்க" தான், அதனால நானும் ஒண்ணாவே சேர்த்துப் போட்டு எழுதறேன்.

நான் மலையடிவாரத்துல ஒரு சின்ன டவுன்ல இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் வெச்சிருக்கேன். ஊரு பேரு வேண்டாங்க, மாவட்டமும் சொல்லல, கொங்குல மலைய ஒட்டுன தாலுகா எத்தன இருக்குதுன்னு உங்களுக்கே தெரியும், அதுல ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. சந்தை அன்னைக்கு மேல இருந்து ஊராளி, சோளகர், இருளர், மலையாளி ஜனங்கெல்லாம் சீமாறு, கடுக்காய், புளின்னு கொண்டாந்து போட்டுட்டு அரிசி பருப்பு வாங்கிட்டு பஸ்ஸுக்கு முன்னாடி நம்ம கடைக்கு வருவாங்க, ஆதார்ல பேரு தப்பு, ரேஷன் கார்டுல குழந்தை பேரு இல்ல, ஜாதி சான்று ரிட்டன் ஆயிடுச்சு, இதுதான் நம்ம சோலி.

குழந்தைக பேரு, பாட்டி பேரு எதுவும் எழுத மாட்டேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015ல 74வது பிரிவு இந்த மாதிரி குழந்தைகளோட பேரு, பள்ளிக்கூடம், போட்டோ எதையும் வெளிய விடக்கூடாதுங்குது, அதனால சில விஷயத்த மாத்தியும் சொல்லியிருக்கேன். (வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல "மீட்கப்பட்ட சிறுவன்"னு மூஞ்சியோட போட்டோ வெக்கிறவங்க அந்தப் பிரிவ ஒருக்கா படிங்க, புண்ணியமாப் போகும்.)

மேல ஒரு ஊர்ல ரெண்டு குழந்தைங்க, அண்ணனுக்கு எட்டு வயசு, தங்கச்சிக்கு அஞ்சு. அம்மா காய்ச்சல்ல போயிட்டா, ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்பன் கர்நாடகா பக்கம் கரும்பு வெட்டுக்குப் போனா நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான் வருவான். குழந்தைக அம்மாயிகிட்ட, அதாவது அம்மாவப் பெத்த பாட்டிகிட்ட வளருது. பள்ளிக்கூட நாள்ல பையன் ஆடு ஓட்டிட்டுப் போறத யாரோ பார்த்து 1098க்குப் போட்டுட்டாங்க. போட்டவங்க மேல எனக்கு ஒரு குத்தமும் இல்லீங்க, பார்த்தா போடத்தான் வேணும், அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகாம இருந்தது நெசம்.

1098க்கு முழு மார்க். எந்நேரமும் எடுக்கறாங்க, தன்மையா பேசறாங்க, வேற ஒரு விஷயத்துக்கு நானே கடைல இருந்து கூப்பிட்டிருக்கேன், உடனே எடுத்தாங்க. முன்ன தொண்டு நிறுவனங்க நடத்திட்டு இருந்துச்சு, 2023ல இருந்து மிஷன் வாத்சல்யான்னு குழந்தை நலத் திட்டத்துக்குள்ள கொண்டாந்து 112 அவசர போன் கூட இணைச்சிட்டாங்க, கவர்மெண்டே நடத்துது. வண்டியும் வெசையா வந்துச்சு. மலை ரோடு எப்படின்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன், கடம்பூர் மலைல மாக்கம்பாளையம் போற வழில குரும்பூர் பள்ளம், சக்கரைப் பள்ளம்னு ரெண்டு இருக்குது, மேல மழை பேஞ்சா தண்ணி வந்து பஸ்ஸே நின்னு, ஊருக்கே வழி அத்துப் போன காலமெல்லாம் உண்டு. இவங்க ஊரு ரோடும் அந்த லட்சணம் தான். அதுல ஜீப் ஏறி வந்து, குழந்தைகளக் கூட்டிட்டு, சட்டத்துல சொன்னபடி 24 மணி நேரத்துக்குள்ள குழு முன்னாடி நிறுத்திட்டாங்க. வேகத்துல குறை சொல்லவே முடியாது.

அந்த வேகம் அந்தப் பக்கத்துக்கு மட்டும் தான்ங்கறது தான் என்னோட கம்ப்ளெயிண்ட்.

அம்மாயிக்கு குழந்தைகள எங்க கொண்டு போறாங்கன்னு சொன்னாங்களோ சொல்லலையோ, அவங்களுக்குப் புரியல. ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் குடுத்திருந்தத மடியில முடிஞ்சுட்டு அடுத்த பஸ்ஸுக்கு எறங்கி நேரா நம்ம கடைக்கு வந்துட்டாங்க. "அம்மிணி, இது எந்த ஊருன்னு படிச்சு சொல்லு கண்ணு"ன்னு குடுத்தாங்க. நான் படிச்சுச் சொல்லிட்டு, அவங்க பஸ் மாறி தனியா போய்ச் சேர மாட்டாங்கன்னு தெரிஞ்சு, கடைய எங்க வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு கூடப் போனேன்.

குழுவுல தலைவர் ஒருத்தர், மெம்பருங்க நாலு பேரு இருக்கணும்ங்கறது சட்டம், ஒரு பொம்பளையாச்சும் இருக்கணும். மேஜிஸ்ட்ரேட்டுக்கு இருக்கிற அதிகாரம் இவங்களுக்கும் இருக்குது. நாங்க போனப்ப மூணு பேரு இருந்தாங்க. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன், ஒரு மேடம் சின்னப் பொண்ணுக்கு பிஸ்கெட் பாக்கெட் பிரிச்சுக் குடுத்துட்டே இருந்தாங்க. அம்மாயிய உக்காரச் சொன்னாங்க, அவங்க சேர்ல உக்கார மாட்டேன்னு கீழ உக்காந்துட்டாங்க, அதுக்கப்புறம் பேச்சு மொத்தமும் எங்கிட்ட தான் நடந்துச்சு, வளர்த்தவங்க கீழ, கேள்வி மேல. "பாட்டி, பேரன் நல்லாப் படிக்கணும்னு ஆசை இல்லையா"ன்னு ஒருத்தர் கேட்டாரு. இதுக்கு யாராச்சும் இல்லைன்னு சொல்லுவாங்களா? ஆமாங்கன்னாங்க. அது சம்மதம்னு எழுதிக்கிட்டாங்க. தற்காலிகமா ஹோம்ல வெக்கச் சொல்லி ஆர்டர்.

பிற்பாடு அந்த விசாரணை அறிக்கைய ஜெராக்ஸ் எடுக்கற வேலை எங்கிட்டயே வந்துச்சு, ஜெராக்ஸ்காரி படிக்காம இருப்பாளா? தகரக் கூரை வீடு. மின் இணைப்பு இல்லை. கழிப்பறை இல்லை. பாதுகாவலர் முதியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். நிலையான வருமானம் இல்லை. குழந்தை கேள்விகளுக்குப் பதிலளிக்கவில்லை, மந்தமாக உள்ளது. இவ்வளவு தான் அறிக்கை. அம்மாயி அடிச்சாங்களா, பட்டினி போட்டாங்களா, குடிச்சுட்டுக் கெடந்தாங்களா, ஒரு வரி இல்ல.

கரண்ட் ஏன் இல்ல? அது காட்டுக்குள்ள இருக்கிற ஊரு, லைன் இழுக்க வனத்துறை சம்மதம் வேணும். வீடு ஏன் தகரம்? 2006ல வந்த வன உரிமைச் சட்டத்துல பட்டாவுக்கு எழுதிப் போட்டு அந்த மனு எந்த மேஜைல கெடக்குதோ, பட்டா இல்லாம தொகுப்பு வீடு வராது. இத்தனைக்கும் அம்மாயியா பொறுப்பு? கரண்ட் குடுக்காதது ஒரு ஆபீஸ், கரண்ட் இல்லைன்னு குத்தமா எழுதறது இன்னொரு ஆபீஸ், ரெண்டுக்கும் சம்பளம் ஒரே கஜானால இருந்து.

அந்த "மந்தம்" தான் எனக்கு வவுறு எரிஞ்சுது. அந்த ஊர்ல வீட்டுக்குள்ள சோளகர் பேச்சு, வெளிய கன்னடம். தாளவாடி பக்கம் கன்னட மீடியம் கவர்மெண்ட் ஸ்கூலே இருக்குதுங்க, எல்லை ஓரத்து மலையெல்லாம் அப்படித்தான். பையனுக்குத் தமிழ் புரியும், வாய்ல வராது. புது எடம், புது ஆளுங்க, பேண்ட் சர்ட் போட்ட நாலு பேரு சுத்தி நின்னு "உனக்கு என்னவாக ஆசை"ன்னு கேட்டா எந்தக் குழந்தை பேசும்? ரூமை விட்டு வெளிய வந்து அம்மாயியப் பார்த்ததும் அந்த மந்தம் விடாம பேசுனான் பாருங்க, சினை ஆடு குட்டி போட்டுடுச்சா, எத்தன, என்ன கலரு, ஆட்டுக் கயிறு எங்க வெச்சேன்னு சொல்லி நிறுத்தவே இல்ல. உள்ள இருந்த ஒருத்தருக்கும் அது கேக்கல. குழந்தைக மேல நடக்கிற பாலியல் குத்தத்துக்கான போக்சோ சட்டத்து விதில மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர் பட்டியல் ஒண்ணு வெச்சிருக்கணும்னு இருக்குது. அந்தப் பட்டியல்ல சோளகர் பேச்சோ இருளர் பேச்சோ தெரிஞ்ச ஒருத்தரச் சேர்த்துட்டு, எல்லா கேஸுக்கும் அவர கூப்பிட்டா என்ன கொறஞ்சு போயிரும்? மேல காலேஜ் முடிச்சுட்டு வேலையில்லாம இருக்கிற புள்ளைங்களே இருக்காங்க.

இப்ப ஹோமு. கட்டடம் சுத்தம், பாத்ரூம் சுத்தம், கட்டிலு, கொசுவலை, ஸ்கூல் பேக்கு எல்லாம் குடுத்திருந்தாங்க. சோறு மூணு வேளையும் உண்டு. ஆனா பாருங்க, பையனையும் பொண்ணையும் வேற வேற ஹோம்ல போட்டுட்டாங்க, பையன் ஹோமு தனி, பொண்ணு ஹோமு தனியாம். ராத்திரி அண்ணன் பக்கத்துல படுத்துத் தூங்கற அஞ்சு வயசு பொண்ணுங்க. பொண்ணு இருந்த ஹோம்ல தான் அந்த வார்டன் அக்கா. குழந்தை இட்லிய தொடாம உக்காந்திருக்கறதப் பார்த்துட்டு, என்னதாண்டி திம்பேன்னு சைகைல கேட்டுப் பார்த்து, கடைசில அவங்க வீட்ல இருந்து ராகி மாவு கொண்டாந்து ஞாயித்துக்கெழமை களி கிண்டிக் குடுத்திருக்காங்க. ரிஜிஸ்டர்ல மெனுன்னு ஒண்ணு இருக்குது, அதுல ராகி இல்ல, அதனால அவங்க கைக்காசு. ரெண்டு உருண்டை தின்னுச்சாம். இந்த அக்காவுக்கு சம்பளம் எத்தனன்னு கேட்டா நீங்க சிரிப்பீங்க, அதுவும் கான்ட்ராக்ட். அந்த ஒரு ஸ்டார் இவங்களுக்குத்தான், ஆபீஸுக்கு இல்ல.

பார்க்கப் போற நாள் ஞாயிறு. மேல இருந்து காலைல ஒரு பஸ்ஸு, அது கீழ வந்து சேர்ந்து, அங்க இருந்து பஸ் மாறி, பையனப் பார்த்துட்டு பொண்ணு இருக்கிற ஊருக்குப் போனா மேல போற கடைசி பஸ் போயிரும். அதனால ஒரு வாரம் பையன், அடுத்த வாரம் பொண்ணு. ஆர்டர் போட்டவங்களுக்கு மேப்புல அது கிட்ட கிட்டத்தான் தெரியும்.

சரி, திருப்பிக் கூட்டிட்டு வரலாம்னு எறங்குனா தான் கூத்து. ஸ்பான்சர்ஷிப்னு நல்ல திட்டம் இருக்குது, நான் மறுக்கல. ஹோமுக்குப் போகாம தடுக்கறதுக்கும் குடுக்கலாம், ஹோம்ல இருந்து வீட்டுக்குத் திரும்பறப்பவும் குடுக்கலாம், ஒரு குழந்தைக்கு மாசம் 4000, கிராமம்னா குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும், மத்த எடத்துல 96,000. ரெண்டு குழந்தைக்கு 8000 வந்தா அம்மாயி சீமாறு அறுக்கப் போகாம வீட்ல இருந்து ரெண்டையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் போடுவாங்க, விஷயம் முடிஞ்சுது. (அன்புக்கரங்கள்னு ஸ்டேட் கவர்மெண்ட் 2000 குடுக்குதே, அதுக்குப் போடலாமேன்னு கேப்பீங்க. அது அம்மா அப்பா ரெண்டு பேரும் இல்லாதவங்களுக்கு, இல்லன்னா ஒருத்தர் போயி இன்னொருத்தரும் முடியாம இருக்கிறவங்களுக்கு. இங்க அப்பன் திடகாத்திரமா கரும்பு வெட்டிட்டு இருக்கான்.)

அப்ளிகேஷனுக்கு என்ன கேட்டாங்கன்னு பாருங்க. அம்மா இறப்பு சான்று. அவ ஊட்லயே செத்தா, ஊர்லயே பொதைச்சாங்க, யாரு பதிவு பண்ணுனா? ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னா ஆர்டிஓ ஆர்டர் வாங்கித்தான் பதிவு பண்ண முடியும், அதுக்கு விஏஓ அறிக்கை, ஆர்ஐ அறிக்கை, தாசில்தார் அறிக்கை, சாட்சி. அப்பன் கையெழுத்து, அவன் மாண்டியா பக்கம் எந்தத் தோட்டத்துல இருக்கானோ போன் எடுத்தா டவர் இல்ல. வருமான சான்று. சின்னதுக்கு அஞ்சு வயசு ஆச்சு, ஆதார்ல கைரேகை கண் எல்லாம் புதுசா பதியணும், குழந்தை இருக்கறது ஹோம்ல, ஆதார் சென்டர் இருக்கறது வேற எடத்துல, கூட்டிட்டுப் போறதுக்கு பர்மிஷன் லெட்டர் வேணும். பேங்க் அக்கவுண்ட். அம்மாயிக்கு அக்கவுண்ட் இருக்குது, ஆனா கேஒய்சி போடாம முடங்கிக் கெடக்குது.

கேஒய்சிக்கு அம்மாயி விரல வெச்சாங்க, மிசின் எடுக்கல. பத்து விரலும் வெச்சுப் பார்த்தாச்சு. ஈரத்துணில தொடச்சு வெச்சு, வேசலின் தடவி வெச்சு, அமுத்தி வெச்சு, ம்ஹூம். சீமாறு அறுத்தும் புளி தட்டியும் கட்டைவிரல்ல கோடுன்னு ஒண்ணுமே இல்ல, வழுவழுன்னு இருக்குது, நடுவுல ரெண்டு வெட்டுக்காயத் தழும்பு தான். கண்ண வெச்சுப் பதியலாம்னா அந்தப் பிரான்ச்ல கண் மிசின் ரிப்பேர். கவுண்டர்ல இருந்த தம்பி நல்ல பையன், "ஆயா, கைக்கு எண்ணெய் தேச்சுட்டு நாலு நாள் வேலைக்குப் போகாம இருந்துட்டு வாங்க"ன்னான். வேலைக்குப் போகாம நாலு நாள் இருக்க முடிஞ்சா அம்மாயி ஏண்டா இங்க வரப் போறாங்க.

இதுல எந்தப் பேப்பரும் தப்புன்னு நான் சொல்லல, நான் பொழைக்கறதே பேப்பர்ல தான். ஆனா கணக்கப் பாருங்க. குழந்தைய ஹோமுக்குக் கொண்டு போக ஒரு போன் கால், ஒரு ஜீப், ஒரு நாளு. அன்னைக்கு ராத்திரியே சோறு, துணி, கட்டிலு, எல்லாத்துக்கும் கவர்மெண்ட் காசு தயாரா இருக்குது. அதே குழந்தை பாட்டிகிட்ட இருக்கணும்னா மட்டும் செத்தவளுக்கு சான்று, வேலைக்குப் போனவன் கையெழுத்து, தேஞ்ச விரலுக்கு ரேகை. இளைஞர் நீதிச் சட்டத்துல 3வது பிரிவுலயே குடும்பம் தான் மொதல்ல, நிறுவனத்துல வெக்கறது கடைசி வழின்னு எழுதியிருக்குது. சட்டம் கடைசின்னு சொல்றது நடைமுறைல ரொம்ப லேசு, அதான் மொதல்ல நடக்குது.

எங்க பெரியப்பா பொண்ணு ஒருத்தி கனடாவுல வின்னிபெக்ல இருக்கா, சமூகப்பணி படிச்சிட்டு அங்க குழந்தைக சம்பந்தப்பட்ட ஒரு எடத்துல வேலை. இதெல்லாம் போன்ல பொலம்புனப்ப, "அக்கா, இங்க இதே கதைய வெச்சுத்தான் கேஸே நடந்துச்சு"ன்னா. அங்க பூர்வகுடி குழந்தைகளுக்கு நடந்தது இதுல நூறு மடங்குங்க. 2021 சென்சஸ்படி 15 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தைகள்ல பூர்வகுடி குழந்தைங்க 7.7 சதவீதம், ஆனா பெத்தவங்ககிட்ட இருந்து எடுத்து வேற வீட்ல வளர்க்கிற குழந்தைகள்ல 53.8 சதவீதம். அவ இருக்கிற மானிடோபா மாகாணத்துல பத்துக்கு ஒம்பது பேரு. மொதல்ல ரெசிடென்ஷியல் ஸ்கூல்னு புடிச்சுட்டுப் போயி பேச்சையே மறக்கடிச்சாங்க, அப்புறம் 1960கள்ல இருந்து கூட்டம் கூட்டமா எடுத்து வெள்ளக்காரங்க வீட்டுக்குத் தத்து குடுத்தாங்க, இப்ப நடக்கறது அதோட வால்னு அங்கத்த ஜனங்க சொல்றாங்க.

சிண்டி பிளாக்ஸ்டாக்னு ஒரு அம்மா, அவங்களும் பூர்வகுடி தான், அவங்க அமைப்பும் பூர்வகுடி சபையும் சேர்ந்து 2007ல மனித உரிமை ஆணையத்துக்குப் போனாங்க. 2016 ஜனவரில தீர்ப்பாயம் கவர்மெண்ட் பாகுபாடு காட்டியிருக்குதுன்னு சொல்லிருச்சு. அதுல எனக்குச் சுருக்குன்னு பட்டது பணக் கணக்கு தான். குழந்தைய வீட்ட விட்டு எடுத்தா ஆகற செலவ கவர்மெண்ட் அப்படியே குடுத்துரும், எடுக்காம குடும்பத்துக்கு உதவி பண்றதுக்கு மட்டும் அளந்து குடுக்கும். அப்ப எந்த ஏஜென்சியா இருந்தாலும் எந்தப் பக்கம் சாயும்? கெட்ட மனுசங்களே தேவையில்ல, காசு போற வழில குழந்தையும் போகுது. இத நம்மூர்ல எந்த ஆபீசரும் எங்கிட்ட இவ்வளவு தெளிவா சொன்னதில்ல.

இன்னொண்ணு ஜோர்டான் ரிவர் ஆண்டர்சன்னு ஒரு குழந்தை, மானிடோபால நார்வே ஹவுஸ்ங்கற ஊரு. பொறக்கும்போதே ஒடம்புக்கு முடியாம ஆஸ்பத்திரில இருந்தான். வீட்டுக்குப் போகலாம்னு டாக்டருங்க சொன்னதுக்கப்புறமும் வீட்ல வெச்சுப் பார்க்கிற செலவு மத்திய கவர்மெண்டா மாகாணமான்னு ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்துட்டே இருந்தாங்க, 2005ல அஞ்சு வயசுல ஆஸ்பத்திரிலயே செத்துப் போனான், ஒரு நாள் கூட வீட்ல தூங்கல. அதுக்கப்புறம் 2007ல பார்லிமெண்ட்ல அவன் பேர்லயே ஒரு கொள்கை வந்துச்சு: மொதல்ல எந்தக் கவர்மெண்ட் கதவைத் தட்டுறாங்களோ அது காச குடுக்கணும், யாரு கணக்குங்கற சண்டைய பொறவு போட்டுக்கலாம். நம்ம ஆபீஸ் வராண்டால எத்தன தடவ கேட்டிருப்போம், "இது பழங்குடியினர் நலத்துறைக்குப் போங்க", "இது சமூகப் பாதுகாப்புத் துறை பார்க்கணும்", "காட்டுக்குள்ள இருக்கறதால வனத்துறை". ஜோர்டான் பேர்ல ஒரு ஜிஓ நமக்கும் போட்டா தேவலை.

2020 ஜனவரி 1ல இருந்து அங்க புதுச் சட்டம். பூர்வகுடி சமூகங்களே தங்க குழந்தைகளுக்கு சட்டம் போட்டுக்கலாம், குழந்தைய வெக்கணும்னா மொதல்ல அப்பா அம்மா, அடுத்து சொந்தக்காரங்க, அடுத்து அதே சமூகம்னு வரிசை. 15வது பிரிவுல, வறுமை, வீடு சரியில்ல இந்தக் காரணத்துக்காக மட்டும் குழந்தைய எடுக்கக் கூடாதுன்னு பச்சையா எழுதியிருக்குது. நம்ம அம்மாயி அறிக்கைய அந்தப் பிரிவுக்கு முன்னாடி வெச்சா ஒரு வரி நிக்காது. கியூபெக் மாகாணம் எதுத்துக் கேஸ் போட்டு, 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் சட்டம் செல்லும்னுடுச்சு. பாதிக்கப்பட்டவங்களுக்கு 2,330 கோடி டாலர் நஷ்டஈடு 2023ல முடிவாச்சு. அங்கயும் எல்லாம் சுபம்னு நெனைக்காதீங்க, சேவைய சீர்திருத்த பத்து வருஷத்துக்கு 4,780 கோடி டாலர்னு ஒரு ஒப்பந்தம் வந்துச்சு, 2024 அக்டோபர்ல பூர்வகுடித் தலைவருங்களே ஓட்டுப் போட்டு வேண்டாம்னுட்டாங்க, எங்க குழந்தைகளுக்கு இது பத்தாது, சரியாவும் இல்லைன்னு. காச நீட்டுனா வாங்கிட்டு கும்புடு போடற பழக்கம் அவங்களுக்கு இல்ல போல.

இங்க ஜாதி சான்று பத்தி ஒரு வார்த்தை சொல்லாம போனா என் கடை கஸ்டமருங்க என்னைத் திட்டுவாங்க. மலையாளி ஜனங்க சேலம், தர்மபுரில எஸ்டி. ஈரோடு மாவட்டத்துல பர்கூர், கடம்பூர் மலைல இருக்கிற மலையாளிக்கு எஸ்டி இல்ல, பட்டியல்ல மாவட்டப் பேரு போட்டு எழுதினதுல இந்தப் பக்கம் விட்டுப் போச்சு. ஒரே ஜனம், கல்யாணம் பண்ணிக்கறாங்க, சாமி ஒண்ணு, மலைக்கு அந்தப் பக்கம் பொறந்த குழந்தைக்கு எஸ்டி ஸ்காலர்ஷிப், இந்தப் பக்கம் பொறந்ததுக்கு இல்ல. பழங்குடி குழந்தை நலம்னு எத்தன திட்டம் வந்தாலும் சான்று இல்லாத குழந்தைக்கு வாசல்லயே நின்னு போகுது.

கீழ கமெண்ட்ல வந்து "அப்போ மலைல குழந்தை கல்யாணம் நடக்கலையா, செங்கச் சூளைல குழந்தைக வேலை செய்யலையா, அத அப்படியே விட்டுரலாமா"ன்னு எழுதறதுக்கு ஆள் வருவீங்க, தெரியும். நடக்குது. பதினாலு வயசுல கல்யாணம் பேசுன புள்ளைய இதே 1098 வண்டி தான் போயி நிறுத்துச்சு, அந்தப் புள்ள ஹோம்ல இருந்து பிளஸ் டூ முடிச்சுது, அந்தக் கேஸ்ல நான் அஞ்சு ஸ்டார் குடுப்பேன். குடிச்சுட்டு அடிக்கிற அப்பன்கிட்ட இருந்து, கடனுக்கு அடகு வெச்ச மொதலாளிகிட்ட இருந்து எடுக்கத்தான் வேணும். ஆனா பையன் ஏன் ஆடு ஓட்டுனான்? முன்ன கடம்பூர், பர்கூர் மலைங்கள்ல பள்ளிக்கூடத்த விட்ட குழந்தைகளுக்குன்னு குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பயிற்சி மையம் நடந்துச்சு, ஊருக்குள்ளயே, உள்ளூர் டீச்சர வெச்சு. அந்தத் திட்டத்த சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கூடத் திட்டத்துல சேர்க்கறோம்னு 2022ல மூடிட்டாங்க. மூடுனதுக்கு எந்த ஜீப்பும் போயி யாரையும் புடிக்கல.

உருப்படியா என்ன பண்ணலாம்னு கேட்டா, குழு மாசம் ஒருக்கா மேல போயி பள்ளிக்கூடத்துலயோ அங்கன்வாடிலயோ உக்காரட்டும், மாசத்துல 20 நாளாச்சும் கூடணும்னு சட்டமே சொல்லுது, அதுல ஒரு நாளு மலைக்கு. அன்னைக்கே ஒரு மேஜைல விஏஓ, ஒரு மேஜைல ஆதார் கண் மிசின், ஒரு மேஜைல பேங்க். ஸ்பான்சர்ஷிப் காச மொதல் மூணு மாசம் பேப்பர் கேக்காம குடுத்துட்டு, பேப்பர பொறவு வாங்கிக்கட்டும், ஹோம் சோத்துக்கு மொத நாள் பேப்பர் கேக்கலையே. அறிக்கை எழுதப் போற ஆளு ஊட்டுக்குள்ள போயி ஒரு வேளை கஞ்சியாச்சும் குடிச்சுட்டு எழுதட்டும், ரோட்டுல ஜீப்ப நிறுத்தி கூரையப் பார்த்து எழுத வேண்டாம்.

இப்போதைக்கு நெலவரம்: பொண்ணு அம்மாயிகிட்ட வந்துட்டா, பையனுக்கும் ஆர்டர் ஆயிடுச்சு, அரைப் பரீட்சை முடிஞ்சதும் அனுப்பறோம்னு சொல்லியிருக்காங்க. இறப்பு சான்று ஆர்டிஓ ஆபீஸ்ல இருக்குது. 4000 இன்னும் வரல, அக்கவுண்ட் மட்டும் உசுரு வந்துடுச்சு, வேற பிரான்ச்ல கண் மிசின் வேலை செஞ்சுது.

இந்த சேவைய உபயோகப்படுத்தப் போறவங்களுக்கு: குழு குடுக்கிற ஆர்டர் காப்பிய கேட்டு வாங்குங்க, வாய்ல சொன்னா கெளம்பிடாதீங்க. குழந்தை பேசற பேச்சு தெரிஞ்ச ஒருத்தர கூடக் கூட்டிட்டுப் போங்க, சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி. ஸ்பான்சர்ஷிப் அப்ளிகேஷன மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல தான் குடுக்கணும், குடுத்ததுக்கு சீல் வெச்ச ரசீது வாங்குங்க. ஊட்ல சாவு நடந்தா 21 நாளைக்குள்ள பதிவு பண்ணிடுங்க, காசே ஆகாது. ஃபார்ம் நிரப்பத் தெரியலீன்னா உங்க ஊரு இ-சேவைக்குப் போங்க, ஆனா மத்தியானம் மூணு மணிக்கு மேல போங்க, காலைல சர்வர் எந்திரிக்கறதே இல்ல.